விடுதலைத் தீர்ப்பின் மேல் ஒரு முறையீடு

"போதைப்பொருள் வழக்கில் கைதானவர் விடுதலை" என்னும் செய்தி நாளிதழின் உட்பக்கத்தில் நான்கு வரிகளில் வந்து மறைகிறது. சில மாதங்கள் சென்றபின், "விடுதலையை எதிர்த்து அரசு மேல்முறையீடு" என்று மேலும் இரண்டு வரிகள் வருகின்றன. இவ்விரு செய்திகளும் நம் இல்லங்களில் இருவேறு கேள்விகளை எழுப்புகின்றன. போதைப் பழக்கத்திற்குப் பிள்ளையைப் பறிகொடுத்த தாய், "கையும் களவுமாய்ப் பிடிபட்டவனை எப்படித்தான் விட்டார்களோ?" என்று வயிறெரிகிறாள். விடுதலையாகி வீடு திரும்பியவனின் தாயோ, "நீதிபதியே குற்றமில்லை என்று சொல்லிவிட்ட பிறகு மறுபடியும் ஏன் இழுக்கிறார்கள்?" என்று அஞ்சுகிறாள். இவ்விருவரும் ஒரே தெருவில் வாழ்பவர்களாகவும் இருக்கலாம். ஞாயிறன்று ஒரே கோவிலில் முழந்தாளிடுபவர்களாகவும் இருக்கலாம்.

இரு தாய்மாரின் கேள்விகளும் நேர்மையானவையே. உணர்ச்சி மேலிட்ட நிலையில் இவற்றுக்கு விடை காண்பது அரிது. சட்டம் என்ன கூறுகிறது, நீதிமன்றங்கள் எதனை உற்றுநோக்குகின்றன என்பதைப் பொறுமையுடன் அறிந்துகொண்டால் இருவருக்கும் ஓரளவு தெளிவு பிறக்கும். அத்தெளிவுக்கு வழி காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கடுமையான சட்டம்

நம் நாட்டில் அபின், கஞ்சா முதலியவற்றை 1857, 1878 ஆம் ஆண்டுகளின் அபின் சட்டங்களும், 1930 ஆம் ஆண்டின் அபாயகர மருந்துகள் சட்டமும் நெடுங்காலம் கட்டுப்படுத்தி வந்தன. அவற்றின் தண்டனைகள் போதா என்று கருதிய நாடாளுமன்றம், 1985 ஆம் ஆண்டில் போதை மருந்துகள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டத்தை இயற்றியது. அவ்வாண்டு நவம்பர் 14 ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது.

இச்சட்டத்தில் தண்டனையை முடிவு செய்வது பெரும்பாலும் எடையே. 2001 ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் மூன்று படிகள் வகுக்கப்பட்டுள்ளன. கஞ்சாவுக்கு 1 கிலோ வரை சிறு அளவு. 20 கிலோவுக்கு மேற்பட்டால் வணிக அளவு. இடைப்பட்டது நடுத்தர அளவு. ஹெராயினுக்கோ 5 கிராம் வரை சிறு அளவு. 250 கிராமுக்கு மேல் வணிக அளவு. சிறு அளவு வைத்திருந்தால் ஓராண்டு வரை சிறை. நடுத்தர அளவுக்குப் பத்தாண்டு வரை. வணிக அளவுக்கோ குறைந்தது 10 ஆண்டு, மிகுதியாக 20 ஆண்டு கடுங்காவல்; அத்துடன் குறைந்தது 1 இலட்சம் ரூபாய் அபராதம். வணிக அளவில் குற்றம் உறுதியானால், நீதிபதி இரக்கம் கொண்டாலும் பத்தாண்டுக்குக் கீழே இறங்க இயலாது.

வணிக அளவு வழக்கில் ஜாமீன் பெறுவதும் எளிதன்று. குற்றம் சாட்டப்பட்டவர் குற்றமற்றவர் என நம்புவதற்குத் தக்க காரணம் உண்டென்று நீதிமன்றம் மனநிறைவு அடைந்தாலன்றிப் பிணை கிடையாது. ஆகவே பலர் தீர்ப்பு வரும் வரை ஆண்டுக்கணக்கில் சிறையிலேயே கழிக்கின்றனர். விடுதலை பெற்று வருபவனுங்கூடத் தன் இளமையின் ஒரு பகுதியைச் சிறையில் விட்டுவிட்டுத்தான் வருகிறான்.

மற்றொன்றும் உண்டு. பொதுவான குற்ற வழக்குகளில் எல்லாவற்றையும் மெய்ப்பிக்கும் பொறுப்பு அரசுத் தரப்பினுடையது. இச்சட்டத்தின் 35, 54 ஆம் பிரிவுகளோ, ஒருவரிடம் பொருள் இருந்தது என்று காட்டப்பட்டால், அவர் அறிந்தே வைத்திருந்தார் என அனுமானிக்க இடம் தருகின்றன. அறியாமல் இருந்தது என்று மெய்ப்பிக்கும் சுமை அவர் தோள்மேல் ஏறுகிறது. இப்பிரிவுகள் செல்லும் என்று 2008 ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனினும், பொருள் அவரிடமிருந்துதான் கைப்பற்றப்பட்டது என்ற அடிப்படை உண்மையை முதலில் அரசு ஐயத்திற்கிடமின்றி நிலைநாட்ட வேண்டும் என்றும், அதன் பின்னரே சுமை கைமாறும் என்றும் அத்தீர்ப்பு வரையறுத்தது. விடுதலைகளில் பெரும்பாலானவை இந்த அடிப்படை உண்மை ஆட்டங்காணும் இடத்திலேதான் பிறக்கின்றன.

விடுதலை எவ்வாறு பிறக்கிறது?

தண்டனையைக் கடுமையாக்கிய அதே நாடாளுமன்றம் அதற்கு ஈடாகச் சில காப்புகளையும் அமைத்தது. அவற்றை நம் வாசகர்கள் அறிந்திருத்தல் நலம்.

ஒரு கட்டடத்தில் பொருள் பதுக்கப்பட்டுள்ளது என்று தகவல் கிடைத்தால், அதிகாரி அதனை எழுத்தில் பதிந்து, அதன் நகலைத் தம் மேலதிகாரிக்கு 72 மணி நேரத்திற்குள் அனுப்ப வேண்டும். ஞாயிறு மறைந்த பின் வாரண்டின்றி உள்ளே நுழைவதாயின், வாரண்டு பெறக் காத்திருக்க முடியாமைக்குரிய காரணத்தை எழுதி வைக்க வேண்டும். ஒருவரின் உடலைச் சோதனையிடுமுன், "அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரி முன்னிலையிலோ, நீதித்துறை நடுவர் முன்னிலையிலோ சோதிக்கப்பட உமக்கு உரிமை உண்டு" என்று அவருக்கு அறிவிக்க வேண்டும். பெண்ணைப் பெண்ணே சோதிக்க வேண்டும். கைது செய்ததையும் பொருள் கைப்பற்றியதையும் 48 மணி நேரத்திற்குள் மேலதிகாரிக்கு முழு அறிக்கையாகத் தர வேண்டும். கைப்பற்றிய பொருளின் பட்டியலை நடுவர் சரிபார்த்துச் சான்றளிக்க, மாதிரிகளும் அவர் முன்னிலையில் எடுக்கப்பட வேண்டும். போதிய காரணமின்றித் தொல்லை தரும் நோக்கோடு சோதனையிடும் அதிகாரிக்கே தண்டனை உண்டென 58 ஆம் பிரிவு கூறுகிறது. பொய்த் தகவல் தந்து ஒருவரைக் கைது செய்விப்பவருக்கு இரண்டாண்டு வரை சிறை உண்டு.

நடைமுறையில் என்ன நிகழ்கிறது? மகஜரில் ஒரு எடை. ஆய்வுக்கூட அறிக்கையில் வேறொரு எடை. காவல் நிலையத்தில் இட்ட அரக்கு முத்திரை ஆய்வுக்கூடம் சேரும்போது சிதைந்திருக்கிறது. மாதிரிப் பொட்டலம் பல நாள் எங்கே இருந்தது என்று எந்தப் பதிவேடும் கூறவில்லை. இலையும் விதையும் தண்டும் சேர்த்து நிறுத்து, "கஞ்சா 21 கிலோ" என்று எழுதிவிடுகின்றனர். சட்டத்தின்படி பூக்கும் அல்லது காய்க்கும் நுனிப் பகுதியே கஞ்சா. அந்நுனியோடு சேராத தனி இலையும் விதையும் அக்கணக்கில் வாரா. 20 கிலோ என்பதே எல்லைக்கோடாக இருக்கையில், இந்தக் கழிவு ஒரு மனிதனின் பத்தாண்டு வாழ்வை முடிவு செய்கிறது.

இவை யாவற்றிற்கும் மேலாக ஒன்று உண்டு. தெருவில் நின்ற இருவரைப் பிடித்து மகஜரில் கையொப்பம் வாங்குகிறார்கள். வழக்கு விசாரணைக்கு வரும்போது அவர்கள், "வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டேன், ஒன்றும் பார்க்கவில்லை" என்று பிறழ் சாட்சியாகிவிடுகின்றனர். அவர்கள் அன்று பொய்யாய் ஒப்பமிட்டார்களா, இன்று அச்சத்தால் பொய்யுரைக்கிறார்களா என்பதைக் கூண்டுக்கு எதிரே அமர்ந்திருக்கும் நீதிபதி எப்படி அறிவார்? அதிகாரிகளின் சாட்சியம் மட்டுமே போதும் என்று சட்டம் ஒப்புகிறது. ஆனால் அது நம்பத் தக்கதாக இருக்க வேண்டும்.

சந்தா, வேலியா?

"நடைமுறைத் தவறு என்னும் சந்தில் குற்றவாளி தப்பிவிட்டான்" என்று நாம் சொல்லக் கேட்கிறோம். இந்தக் கேள்வியே பஞ்சாப் மாநில அரசின் மேல்முறையீடுகளாக உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. சோதனை விதிகள் மீறப்பட்டன என்று கூறி நீதிமன்றங்கள் பலரை விடுதலை செய்திருந்தன. 1994 ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம், உடற்சோதனைக்கு முன் உரிமையை அறிவிப்பது அதிகாரியின் கட்டாயக் கடமை என்று கூறியது. பின்னர் இவ்விடயத்தில் கருத்து மாறுபாடு தோன்றவே, 1999 இல் ஐந்து நீதியரசர் கொண்ட அரசியல் சாசன அமர்வு அதனை ஆராய்ந்து தீர்ப்பளித்தது.

அத்தீர்ப்பு நடுநிலை பேணியது. உரிமையை அறிவிக்கத் தவறியதால் வழக்கு முழுவதுமே செல்லாததாகிவிடாது என்றது. ஆனால் அவ்வாறு கைப்பற்றிய பொருளை மட்டுமே நம்பி ஒருவரைத் தண்டிக்க முடியாது என்றும் கூறியது. தண்டனை எவ்வளவுக்குக் கடுமையோ அவ்வளவுக்குக் காப்புகளும் கண்டிப்பாகப் பேணப்பட வேண்டும் என்பதே அதன் உட்கருத்து. 2010 இல் மற்றோர் அரசியல் சாசன அமர்வு, ஏறத்தாழ இணங்கினால் போதும் என்ற சலுகைக்கு இங்கே இடமில்லை என்று உறுதிப்படுத்தியது.

ஆழ்ந்து நோக்கின் இதன் நியாயம் விளங்கும். ஒரு பொட்டலத்தை ஒருவன் சட்டைப்பையில் வைத்துவிட்டு, "உன்னிடம் எடுத்தேன்" என்று சொல்வது எவ்வளவு எளிது! பகையுள்ள அண்டை வீட்டான், கைக்கூலி வாங்கும் ஊழியன், கணக்குக் காட்டத் துடிக்கும் அதிகாரி—இவர்களில் எவரும் அதைச் செய்ய இயலும். மண்ணெண்ணெய் விளக்கைத் திருடியவனிடம் விளக்கின் உரிமையாளர் வந்து அடையாளம் காட்டுவார். கொலை வழக்கில் உடல் இருக்கும். போதைப்பொருளுக்கோ உரிமையாளர் இல்லை, உறவினர் இல்லை, இதற்கு முன் அதனைக் கண்டவரும் இல்லை. பொருளும் அதனை எடுத்தவர் வாய்ச்சொல்லுமே முழு வழக்கு. அதனால்தான் எடுத்த விதத்தைச் சட்டம் இத்துணைக் கண்டிப்புடன் கேட்கிறது. குற்றவாளி தப்புவதற்காக வைத்த சந்து அன்று அது. நம் வீட்டுப் பிள்ளைகளைச் சுற்றிச் சட்டம் எழுப்பிய வேலியே ஆகும்.

மேல்முறையீடு செய்யும் உரிமை

அப்படியாயின் விடுதலையை எதிர்த்து அரசு மேல்முறையீடு செய்வது முறையா? உலக நாடுகள் இதில் ஒன்றுபடவில்லை. அமெரிக்க ஐக்கிய நாட்டில், ஒருமுறை குற்றமற்றவர் எனத் தீர்ப்பு வந்துவிட்டால் அரசு அதனை எதிர்த்து முறையிட இயலாது. ஒரே குற்றத்திற்காக ஒருவரை இருமுறை இடருக்கு உள்ளாக்கலாகாது என்பது அவர்தம் அரசியலமைப்பின் ஐந்தாம் திருத்தம். கனடாவில் சட்டப் பிரச்சினை பற்றி மட்டும் அரசு முறையிடலாம். சாட்சிகளை நம்பியது சரியா என்று கேட்க முடியாது.

நம் நாட்டில் 1861 ஆம் ஆண்டின் முதற் குற்றவியல் நடைமுறைச் சட்டம் விடுதலைமீது மேல்முறையீட்டை அனுமதிக்கவில்லை. 1872 ஆம் ஆண்டுச் சட்டமே அரசுக்கு அவ்வுரிமையைத் தந்தது. அது இன்றுவரை நிலைத்திருக்கிறது. அரசியலமைப்பின் 20 ஆம் பிரிவு ஒருவரை ஒரே குற்றத்திற்காக இருமுறை வழக்காடித் தண்டிக்கக் கூடாதென்று கூறுவது உண்மையே. எனினும் மேல்முறையீடு புது வழக்கன்று, பழைய வழக்கின் தொடர்ச்சியே என்பது 1953 ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் கண்ட முடிவு.

ஆனால் அவ்வுரிமைக்குக் கடிவாளம் உண்டு. 1973 ஆம் ஆண்டுச் சட்டம், அரசு விடுதலைக்கு எதிராக உயர் நீதிமன்றம் செல்லுமுன் அந்நீதிமன்றத்தின் அனுமதியைப் பெற வேண்டும் என்று விதித்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும் தன் 419 ஆம் பிரிவில் அதனையே தொடர்கிறது. போதைப்பொருள் வழக்குகளை விசாரிக்கும் சிறப்பு நீதிமன்றத்தின் தீர்ப்பிலிருந்து முறையீடு உயர் நீதிமன்றத்திற்கே செல்லும். மாநிலக் காவல்துறை தொடுத்த வழக்காயின் மாநில அரசும், மத்தியப் புலனாய்வு அமைப்பு தொடுத்ததாயின் மத்திய அரசும் அரசு வழக்குரைஞருக்கு ஆணையிடும். கால வரம்பு தீர்ப்பு நாளிலிருந்து 90 நாள். தாமதமாயின் தக்க காரணம் கூறி மன்னிப்புக் கோரலாம். அனுமதியை மறுக்க உயர் நீதிமன்றத்திற்கு அதிகாரம் உண்டு. ஆனால் காரணம் கூறாமல் மறுக்கலாகாது.

உயர் நீதிமன்றம் எதனைப் பார்க்கிறது?

இவ்விடத்திலேதான் நம்மிடையே தவறான எண்ணம் மிகுதி. மேல்முறையீடு என்பது மீண்டும் ஒருமுறை பகடை உருட்டுவதன்று. சாட்சிகள் மறுபடி அழைக்கப்படுவதில்லை. மிக அரிதாகவே கூடுதல் சாட்சியம் ஏற்கப்படும். கீழ் நீதிமன்றத்தில் எழுதி வைத்த வாக்குமூலங்களையும் ஆவணங்களையும் தீர்ப்பையும் வைத்தே வாதம் நடைபெறும்.

1934 ஆம் ஆண்டில் இலண்டன் பிரிவி கவுன்சிலில் ரசல் பிரபு இந்தியாவிலிருந்து சென்ற ஒரு முறையீட்டில் வகுத்த நெறி இன்றும் அடிப்படையாக உள்ளது. உயர் நீதிமன்றம் சாட்சியங்கள் அனைத்தையும் மறு ஆய்வு செய்யலாம். ஆனால் நான்கினை மறவாமை வேண்டும்: சாட்சிகளின் நம்பகத்தன்மை பற்றி விசாரணை நீதிபதி கொண்ட கருத்து, குற்றமற்றவர் என்ற அனுமானம் விடுதலையால் தளர்ந்துவிடவில்லை என்பது, ஐயத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்கே உரியது என்பது, சாட்சிகளை நேரில் கண்ட நீதிபதியின் முடிவைக் காணாதவர் அசைக்கத் தயங்க வேண்டும் என்பது.

2007 இல் உச்ச நீதிமன்றம் இதனை மேலும் விளக்கியது. விடுதலை பெற்றவருக்கு இரட்டைக் காப்பு உண்டு. சட்டம் எல்லாருக்கும் அளிக்கும் குற்றமற்றவர் என்ற அனுமானம் ஒன்று. ஒரு நீதிமன்றமே அவரை விடுவித்ததால் அந்த அனுமானம் வலுப்பெறுவது மற்றொன்று. சாட்சியத்திலிருந்து நியாயமான இரு முடிவுகள் பிறக்கக்கூடுமாயின், விசாரணை நீதிபதி கொண்ட முடிவை மேல் நீதிமன்றம் கலைக்கலாகாது. "நான் அந்த இடத்தில் இருந்தால் தண்டித்திருப்பேன்" என்பது போதாது. "நியாய உணர்வுள்ள எவரும் இத்தீர்ப்பை எழுதியிருக்க முடியாது" என்னுமளவுக்குப் பிழை தெளிவாக இருக்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக இரண்டு வழக்குகளைக் கற்பனை செய்து பார்ப்போம். ஒருவன் பேருந்து நிலையத்தில் 24 கிலோ கஞ்சா நிறைந்த இரு பைகளோடு பிடிபடுகிறான். நடுவர் முன் சோதிக்கப்படும் உரிமை அறிவிக்கப்படவில்லை என்ற ஒரே காரணத்தால் விசாரணை நீதிபதி அவனை விடுவிக்கிறார். அவ்வுரிமை உடற்சோதனைக்கே உரியது, கையில் சுமந்த பைக்கு உரியதன்று என 2005 இல் உச்ச நீதிமன்றம் கூறி, 2023 இலும் வலியுறுத்தியுள்ளது. ஆகவே அவ்விடுதலை சட்டப் பிழையின்மேல் நிற்கிறது. மற்றச் சான்றுகள் உறுதியாயிருப்பின், அரசின் முறையீடு வெல்லலாம், வெல்லுதலும் நியாயமே.

மற்றொருவன் சட்டைப்பையிலிருந்து ஹெராயின் எடுத்ததாக வழக்கு. உரிமை அறிவிக்கப்படவில்லை, மகஜர் சாட்சி இருவரும் பிறழ்ந்தனர், மாதிரியின் முத்திரை எண் பதிவேட்டோடு பொருந்தவில்லை. நீதிபதி ஐயத்தின் பலனை அளித்தார். இதன்மேல் முறையீடு செய்து பயன் என்ன? உயர் நீதிமன்றம் எத்தனை முறை புரட்டினாலும், கிழிந்த முத்திரை அந்தத் தாளில் கிழிந்தே இருக்கும்.

காலத்தோடு சட்டத்தின் விளக்கமும் மாறுவதுண்டு. தகவலைப் பதிந்த அதிகாரியே புலன் விசாரணையும் செய்தால் குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலைக்கு உரியவர் என 2018 இல் உச்ச நீதிமன்றத்தின் மூவர் அமர்வு கூறியது. 2020 ஆகஸ்டில் ஐவர் அமர்வு அதனை மாற்றி, அதுமட்டுமே விடுதலைக்குக் காரணமாகாது, ஒவ்வொரு வழக்கையும் அதன் தன்மைப்படி பார்க்க வேண்டும் என்றது. அதே ஆண்டு அக்டோபரில், தமிழ்நாட்டிலிருந்து சென்ற முறையீடொன்றில், அதிகாரியின் முன் 67 ஆம் பிரிவின்படி கொடுத்த வாக்குமூலத்தைக் குற்ற ஒப்புதலாகக் கொண்டு தண்டிக்கலாகாது என்று பெரும்பான்மைத் தீர்ப்பு வந்தது. முன்னது அரசின் கையை வலுப்படுத்தியது. பின்னது குற்றம் சாட்டப்பட்டோரின் காப்பை வலுப்படுத்தியது. ஆகவே மேல்முறையீட்டின் முடிவை எவரும் முன்கூட்டி உறுதி கூறவியலாது. "நிச்சயம் முடித்துத் தருகிறேன்" என்று பணம் கேட்பவரிடம் எச்சரிக்கை வேண்டும்.

நீதி தவறும் விடுதலையும் உண்டு

எல்லா விடுதலையும் தூயது என்று நாம் கூறவில்லை. 1990 இல் திருவனந்தபுரம் வானூர்தி நிலையத்தில் வெளிநாட்டவர் ஒருவர் உள்ளாடையில் ஹஷீஷ் மறைத்து வைத்திருந்ததாகப் பிடிபட்டார். அமர்வு நீதிமன்றம் அவருக்குப் பத்தாண்டுச் சிறை விதித்தது. கேரள உயர் நீதிமன்றத்திலோ, சான்றுப் பொருளான அந்த உடை அவருக்குப் பொருந்தவே இல்லை. அவர் விடுதலை பெற்றுத் தாய்நாடு சென்றார். பின்னர், நீதிமன்றப் பாதுகாப்பில் இருந்தபோதே அவ்வுடையில் கைவைக்கப்பட்டது என்னும் குற்றச்சாட்டு எழுந்து தனி வழக்காயிற்று. அவ்வழக்கு தொடர்ந்து நடைபெறலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 இல் தீர்ப்பளித்தது. நிகழ்ச்சி நடந்து 34 ஆண்டுகள் கடந்தபின்!

இதிலிருந்து நாம் கற்பது யாது? சான்றுப் பொருளின் காவல் சிதைந்துவிட்டால், மேல் நீதிமன்றத்தின் அறிவும் நேர்மையும்கூட உண்மையை மீட்கப் போதா. தன் முன் வைக்கப்பட்டதைக் கொண்டே எந்த நீதிமன்றமும் தீர்ப்பளிக்க இயலும்.

அறிவிப்பு வந்த வீட்டிற்கு

விடுதலையான ஒருவரின் இல்லத்திற்கு உயர் நீதிமன்ற அறிவிப்பு வந்தால் செய்ய வேண்டியன சில உண்டு. முதலாவது, அதனைப் புறக்கணிக்கலாகாது. "விடுதலையாகிவிட்டோமே" என்று தபாலைத் திருப்பி அனுப்பினால் பிடியாணை வரக்கூடும். விசாரணை முடியும் தறுவாயில், மேல் நீதிமன்றம் அழைத்தால் முன்னிலையாவேன் என்று ஆறு மாத காலத்திற்கு எழுதிக் கொடுத்த பிணைமுறி நினைவிலிருக்கட்டும். முகவரி மாறினால் வழக்குரைஞருக்குத் தெரிவிக்க வேண்டும்.

இரண்டாவது, தீர்ப்பின் சான்றிட்ட நகலையும் வழக்குக் கட்டையும் பத்திரப்படுத்த வேண்டும். விசாரணை நீதிபதி எந்தக் காரணங்களால் விடுவித்தார் என்பதே இனி அவருடைய கேடயம்.

மூன்றாவது, வசதியற்றோர் இலவச சட்ட உதவியை நாடலாம். 1987 ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் உள்ளோர் ஆகியோர் வருமானம் பாராது உதவி பெறுவர். மற்றோர் குறித்த வருமான வரம்புக்குட்பட்டுப் பெறுவர். சென்னையிலும் மதுரைக் கிளையிலும் உயர் நீதிமன்றச் சட்டப்பணிகள் குழுக்கள் உள்ளன. கடன்பட்டு, தாலியை அடகு வைத்து அலைய வேண்டியதில்லை.

நான்காவது, உயர் நீதிமன்றம் விடுதலையைக் கலைத்துப் பத்தாண்டோ அதற்கு மேலோ தண்டித்தாலும் வாயில் அடைபடவில்லை. அத்தகைய தீர்ப்பை எதிர்த்து உச்ச நீதிமன்றத்திற்கு முறையிடுவது சலுகையன்று. சட்டம் தந்த உரிமை.

முறையீடு நிலுவையில் இருக்கும் காலம் நீண்டதாக இருக்கலாம். அதுவரை அவ்வீட்டாரைக் குற்றவாளியின் குடும்பமாக நடத்த எவருக்கும் உரிமையில்லை. முறையீடு நிலுவையில் உள்ள ஒருவர் சட்டத்தின் கண்ணில் குற்றமற்றவரே. அவருக்கு வேலை மறுப்பதும், அவர் தங்கைக்கு வந்த வரனைக் கலைப்பதும் நீதிபதி கூறாத தண்டனையை நாம் கூறுவதாகும். அவர் இடையில் இறந்துவிட்டால் அம்முறையீடு அத்துடன் அற்றுப்போகும் என்று சட்டமே கூறுகிறது. சாவுக்கு முன்னராவது ஊர்ப்பேச்சு அற்றுப்போக வேண்டாமா?

பிள்ளையை இழந்த வீட்டிற்கு

போதையால் பிள்ளையை இழந்த தாய்க்கு இவையெல்லாம் ஆறுதலாகா என்பதை நாம் அறிவோம். அவளுடைய கோபம் நியாயமானது. ஆனால் அக்கோபம் சென்று சேர வேண்டிய இடம் எது? "இன்னொருமுறை முறையிட்டுத் தண்டியுங்கள்" என்று கேட்பதைவிட, "முதல் நாளே ஏன் ஒழுங்காக எடுக்கவில்லை? ஏன் நடுவர் முன் மாதிரி எடுக்கவில்லை? பார்த்தவர்கள் ஏன் வாய் திறக்கவில்லை?" என்று கேட்பதே பயனுள்ள கேள்வி. வழக்கின் உயிர், பொருள் கைப்பற்றப்பட்ட அந்த முதல் மணி நேரத்தில் இருக்கிறது. அங்கே நேர்மையாகச் செய்ததை எந்த வழக்குரைஞராலும் எளிதில் உடைக்க முடியாது. அங்கே தவறியதை எந்த மேல்முறையீட்டாலும் ஒட்டவைக்க முடியாது.

இதில் நம் பங்கும் உண்டு. காவலர் சாட்சிக்கு அழைக்கும்போது நாம் ஓடி ஒளிகிறோம். அல்லது என்ன ஏதென்று படியாமலே ஒப்பமிடுகிறோம். இரண்டும் பிழை. கண்ணால் கண்டதற்கு மட்டும் ஒப்பமிடுங்கள். எடை போட்டதைப் பார்த்து, எழுதியதைப் படித்து, முத்திரை இட்டதைக் கண்டு ஒப்பமிடுங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்டால் மறுத்துவிடுங்கள். ஒப்பமிட்டபின் நீதிமன்றத்தில் அதே உண்மையை நின்று சொல்லுங்கள். அச்சமிருந்தால் ஊரார் துணை நில்லுங்கள். உண்மையைச் சொல்லும் இருவர் இருப்பின், குற்றவாளி தப்புவதும் அரிது. குற்றமற்றவன் சிக்குவதும் அரிது.

இன்னொன்றையும் பெற்றோர் அறிக. போதைக்கு அடிமையான பிள்ளை, உட்கொண்ட குற்றத்திற்காகவோ சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கினால், அங்கீகாரம் பெற்ற மருத்துவமனையில் தானாக முன்வந்து சிகிச்சை பெறுவதன் வழியே வழக்கிலிருந்து விலக்குப் பெற 64அ பிரிவு இடம் தருகிறது. சிகிச்சையை முழுமையாக முடிக்கவேண்டும் என்பது நிபந்தனை. மானம் கருதி மறைத்து வைத்து, பின்னர் சிறை வாயிலில் நின்று அழுவதைவிட, காலத்தே மருத்துவமனை வாயிலில் நிற்பது மேல்.

அரசு மேல்முறையீடு செய்வதில் தவறில்லை. தெளிவாகப் பிழைபட்ட விடுதலையைத் திருத்துவது சமுதாயத்திற்கு ஆற்றும் கடமையே. ஆயினும் ஒவ்வொரு விடுதலையையும் தோல்வியாகக் கருதிக் கணக்குக்காக முறையிடும்போது, குற்றமற்ற ஒரு குடும்பம் மேலும் பல ஆண்டு உறக்கமின்றிக் கிடக்கிறது. உண்மையான வணிகனோ வேறொரு ஊரில் தன் சரக்கை இறக்கிக்கொண்டிருக்கிறான். நீதிமன்றப் படிகளில் ஏறுமுன் அரசு தன்னைத்தான் கேட்கட்டும்: பிழை தீர்ப்பில் உள்ளதா, நம் சோதனையில் உள்ளதா? பின்னதாயின், திருத்தத்தைச் சோதனையிலிருந்தே தொடங்குக. அடுத்த மகஜர் நேர்மையாக எழுதப்படுமாயின், அத்தாய்மார் இருவருக்கும் அதுவே முதல் நீதியாகும்.